படி ஏறியவர்களும் படித்துச் சொன்னவர்களும்

அக்கா பையன் வெளிநாடு போய்விட்டு வந்தால் நமக்கு இரண்டு சாமான் கிடைக்கும். ஒரு சாக்லேட் டப்பா, நானூறு போட்டோ. சாக்லேட் அன்றைக்கே தீர்ந்துவிடும். போட்டோதான் தீராது.

"மாமா, இதைப் பாருங்க. போர்ச்சுகல். மான்சான்டோன்னு ஒரு ஊரு. மலை உச்சியில கிராமம். அந்தக் காலத்துல கட்டினது, அப்படியே இருக்கு!"

பார்த்தேன். யானைக்கூட்டம் படுத்திருப்பது போலப் பாறைகள். பாறைக்கு இடையில் சுவர் எழுப்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். சில வீடுகளுக்குக் கூரையே பாறைதான். மேலே கோட்டை, ஒரு சர்ச், மணிக்கூண்டு. சந்து முழுக்கக் கல் படிகள்.

"தண்ணி எப்படிடா ஏறும்?" என்றேன்.

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கரையான்சாவடியில் குடியிருப்பவன் வேறு எதைக் கேட்பான்? இங்கே மூன்றாவது மாடிக்கு மோட்டார் தண்ணி ஏறினாலே அபார்ட்மெண்டில் அது ஒரு செய்தி. அந்த மலைக்கு லாரி புக் பண்ணினால் டிரைவர் அடிவாரத்திலிருந்தே ஹாரன் அடித்துவிட்டு, "வண்டி திரும்பாது சார்" என்று போய்விடுவார்.

"1938ல போர்ச்சுகல்லயே ரொம்ப அசல் போர்ச்சுகீசியக் கிராமம் எதுன்னு போட்டி வெச்சாங்களாம் மாமா. இதுக்குத்தான் பரிசு. வெள்ளிச் சேவல்!" என்றவன், செல்லை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவுமே இல்லையே."

சுருக்கென்றது. இல்லை என்பது உண்மை என்பதால்தான் சுருக்கென்றது. எங்கள் ஊரில் மலை கிடையாது, மேடு கூடக் கிடையாது. நெடுங்காலம் எங்கள் ஊரின் மிக உயர்ந்த சிகரம் வேகத்தடைதான். இப்போது மெட்ரோ தூண்கள் வந்து அந்தப் பெருமையையும் பறித்துக்கொண்டன. ஊர்ப் பெயரில் இருக்கும் சாவடி, வழிப்போக்கன் மூட்டையை இறக்கிவைத்துக் கால் நீட்டும் இடம். முன்னால் இருக்கும் கரையான் யார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏட்டையும் கரையானே அரித்துவிட்டது என்பது என் கட்சி.

ஆனாலும் அக்கா பையனிடம் தோற்பதா? தென் ஐரோப்பியக் கிராமத்தான் மலை ஏறிய கதையைக் கொஞ்சம் கிளறினேன். இத்தாலியில் 10ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஊர் ஊராக மூட்டை கட்டிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார்கள். கடற்கொள்ளைக்குப் பயந்து என்கிறார்கள். பள்ளத்தில் மலேரியா என்கிறார்கள். எல்லாரையும் ஒரே மதிலுக்குள் அடைத்துவைத்தால் வரி வசூலிக்க ஆண்டைக்கு வசதி என்பதும் ஒரு காரணம். எனக்கு அதில்தான் நம்பிக்கை. மான்சான்டோவில் இன்னொரு கதையும் உண்டு. எதிரி வருடக்கணக்கில் முற்றுகை போட்டு உட்கார்ந்திருந்தானாம். ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கன்று, கொஞ்சம் கோதுமை. கோதுமையைக் கன்றுக்கே ஊட்டி, அதை மதில் மேலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். கீழே விழுந்து வயிறு பிளந்ததும் எதிரி பார்த்தான். 'மாட்டுக்கே கோதுமை போடுகிறான், இவனை எங்கே பட்டினி போடுவது' என்று கிளம்பிவிட்டானாம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது உள்ளே மிக்சியை வெறுமனே ஓட்டுவதும் இதே தந்திரம்தான்.

இன்றைக்கு அதே தெற்கு ஐரோப்பாவில், இத்தாலி மலையூர்கள் பலவற்றில் ஆள் இல்லை. பாழடைந்த வீட்டை ஒரு யூரோவுக்கு விற்கிறார்கள், பழுது பார்த்துக் குடியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிசிலியில் சம்புகா என்ற ஊர் 2019ல் அப்படி விற்று உலகப் புகழ் பெற்றது. ஒரு யூரோ நம் கணக்கில் நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. அந்தப் பணத்துக்குக் கரையான்சாவடியில் புரோக்கர் வீட்டைக் காட்டுவார். ரோட்டிலிருந்து.

சரி, அவன் மலை ஏறிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் நம்மாள் என்ன செய்துகொண்டிருந்தான்? நமக்கு அரைமணி தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. ஐரோப்பியன் ஆளை மேலே ஏற்றிப் பத்திரப்படுத்தினான். நாம் தண்ணீரைப் பள்ளத்தில் நிறுத்திப் பத்திரப்படுத்தினோம். தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல், நெல் நிற்கும் இடத்தில் நாம். (2015 டிசம்பரில் அந்த ஏரியைத் திறந்துவிட்டபோது, மேலே ஏறுவதிலும் நியாயம் இருக்கிறது என்று அடையாற்றங்கரைக்காரர்கள் மொட்டைமாடியில் நின்று ஒப்புக்கொண்டது வேறு விஷயம்.)

நமக்கு மலை தேவைப்பட்டால் அதையும் அளவோடு வைத்துக்கொண்டோம். பக்கத்து பூவிருந்தவல்லியில், அதாவது பூந்தமல்லியில், பிறந்தவர் திருக்கச்சி நம்பி. 11ஆம் நூற்றாண்டு. ராமானுஜருக்கே வழி சொன்னவர். தோட்டத்தில் பூப்பறித்துக் கட்டிக்கொண்டு காஞ்சி வரதருக்குக் கொண்டுபோவார் என்பது ஊரறிந்த கதை. அந்த வரதர் நிற்பது அத்திகிரி என்னும் மலையில். மொத்தம் 24 படி. மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். கோட்டை இல்லை, கன்று தள்ளும் வேலை இல்லை. ஒரு நாகரிகத்துக்கு இவ்வளவு உயரம் போதாதா?

பையனுக்குப் போதவில்லை. "அது கோயில் மாமா. நான் சொல்றது மலை."

"கிளம்புடா" என்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஓடும் சாலைக்கு மவுண்ட் - பூந்தமல்லி ரோடு என்று பெயர். தினமும் அதில்தான் பால் வாங்குகிறோம், டயர் பஞ்சர் ஆகிறோம், வாழ்க்கையில் பாதியைப் போரூர் சிக்னலில் கழிக்கிறோம். பூந்தமல்லி எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். அந்த 'மவுண்ட்' எங்கே போயிற்று என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கிண்டி பஸ்ஸில் ஏறி பட் ரோட்டில் இறங்கினால் அண்ணாந்து பார்க்கலாம். பரங்கிமலை. முந்நூறு அடி உயரம். உச்சியில் வெள்ளை சர்ச். பையன் கொண்டுவந்த நானூறு போட்டோவில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டியவனும் அதே ஊர்க்காரன்.

தென் ஐரோப்பியனுக்கு ஒரு வியாதி உண்டு. மொட்டையாக ஒரு மலையைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வராது. மேலே ஒரு சர்ச் கட்டி மணி தொங்கவிட்டால்தான் சோறு இறங்கும். லிஸ்பனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் உப்புக்கண்டம் தின்று, பல் ஆடி, ஈறு வீங்கி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவன், சுற்றிலும் பார்க்கிறான். எங்கு பார்த்தாலும் சமதளம். ஏரி, பனைமரம், வயல். தூரத்தில் ஒரே ஒரு முண்டு. ஓடி ஏறிவிட்டான்.

மயிலாப்பூரில் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை இருக்கிறது என்று போர்ச்சுகீசியருக்கு 1517ல் வழிகாட்டியது கூட ஓர் ஆர்மீனிய வியாபாரி. அதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார் என்று போர்ச்சுகீசியரே எழுதிவைத்திருக்கிறார்கள். தோமா கி.பி. 72ல் இந்தப் பெரிய மலையில் உயிர்நீத்தார் என்பது நம்பிக்கை. 1523ல் உச்சியில் சர்ச் வந்தது.

மலைக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு தகராறு. பறங்கியர் ஏறியதால் பறங்கிமலை, அதுவே பரங்கிமலை என்பார் ஒருவர். சேச்சே, பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கிமலைதான் அது, சாட்சிக்கு அடிவாரத்தில் நந்தீஸ்வரர் கோயிலே இருக்கிறது என்பார் இன்னொருவர். பிருங்கிக்கு மூன்று கால். அம்பாளைச் சுற்றாமல் சிவனை மட்டும் சுற்றுவேன் என்று அடம்பிடித்து, உடம்பில் சதையெல்லாம் போய் நிற்க முடியாமல் தள்ளாடியபோது, போனால் போகிறதென்று சிவன் கொடுத்த மூன்றாம் கால். எனக்கு இரண்டு கால். அதில் ஒரு முட்டியில் வலி. எனவே முனிவர் ஏறியிருக்கலாம் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இனிமேல்தான் கதை.

1547ல், கஸ்பார் கொயெல்யோ என்ற பாதிரியார் மயிலாப்பூரில் பொறுப்பில் இருந்த காலத்தில், மலையுச்சியில் கட்டட வேலைக்குத் தோண்டினார்கள். ஒரு கல் கிடைத்தது. கல்லில் சிலுவை. சிலுவையைச் சுற்றி வளைவாக ஒரே வரி எழுத்து. அந்தக் கல்லை பீடத்தில் பதித்தார்கள். 1558 டிசம்பர் 18, பூசை நடக்கும்போது கல் வேர்த்தது, இரத்தம் கசிந்தது என்று பதிவு செய்தார்கள். 1704 வரைக்கும் அவ்வப்போது நடந்ததாகச் சொல்வார்கள். அதில் நான் தலையிடவில்லை. என் வம்பெல்லாம் அந்த எழுத்தோடு மட்டும்தான்.

எழுத்து லத்தீன் இல்லை. தமிழும் இல்லை. போர்ச்சுகீசியர் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். 1561ல் ஒரு யோசனை வந்தது: உள்ளூரில் படித்த ஒரு பிராமணரை அழைத்துவந்து கேட்போம்.

என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. நம்மூர் நடைமுறைப்படி எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பண்டிதர் வியர்க்க விறுவிறுக்க ஏறி வருகிறார். எதிரே தாடி வைத்த பாதிரிகள். பின்னால் வாள் வைத்த சிப்பாய்கள். பக்கத்தில் துபாஷி. நடுவில் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வெற்றிலைக்கு அடியில் ஏதோ மின்னுகிறது.

"சாமி, இது என்ன எழுத்துன்னு துரை கேக்கறார்."

பண்டிதர் குனிந்து பார்க்கிறார். கிரந்தமா? இல்லை. தெலுங்கா? இல்லை. நாகரியா? ம்ஹூம். தலைகீழாகப் பார்க்கிறார், அப்போதும் அப்படியேதான் இருக்கிறது. தட்டைப் பார்க்கிறார்.

நம் மண்ணில் ஒரு பழக்கம் உண்டு. வாய்க்கு வராத சொல் ஒன்று இருக்கிறது, 'தெரியாது'. குமணன்சாவடியில் நின்று மாங்காட்டுக்கு வழி கேளுங்கள். தெரியாது என்று ஒருத்தர் சொல்லமாட்டார். நேராப் போய் லெஃப்டுல திரும்புங்க என்பார். அவரும் அன்றைக்குத்தான் திண்டிவனத்திலிருந்து வந்திருப்பார். கேட்டவன் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். வழி தவறிப்போவது அவன் விதி.

பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். தோமா என்னும் தேவ மனிதர் கடவுளின் குமாரனால் அனுப்பப்பட்டு இந்நாட்டுக்கு வந்தது, ஊழியம் செய்தது, இந்த மலையில் கொல்லப்பட்டது, அவர் இரத்தம் சிலுவையில் படிந்தது என்று தல புராணமே வந்தது. கல்லில் இருப்பதோ ஒரே ஒரு வரி. இவ்வளவு சின்ன வரியில் எப்படி இவ்வளவு பெரிய கதை என்ற சந்தேகம் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: இது சாதாரண எழுத்து இல்லை, ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் பல சொற்கள் அடங்கியிருக்கின்றன.

போர்ச்சுகீசியர் ஏமாளிகள் இல்லை. வேறோர் ஊரிலிருந்து இரண்டாவதாக ஒரு பண்டிதரை வரவழைத்துத் தனியாகக் கேட்டார்கள். அவரும் அச்சு அசலாக அதே கதையைச் சொன்னார்! இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? சான்றொப்பம் வாங்கி போர்ச்சுகல் வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். இரண்டு பண்டிதர்களும் வரும் வழியில், போகும் வழியில், ஏதாவது ஒரு சாவடியில் திண்ணையைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. எந்தச் சாவடி என்று நான் சொல்லமாட்டேன். சொந்த ஊர்ப் பெருமையைத் தானே பேசக் கூடாது.

அந்தப் படிப்பு முந்நூறு வருடம் ஓடியது. 1873ல் பர்னல் என்ற சென்னை மாகாண அதிகாரி வந்து காரியத்தைக் கெடுத்தார். பல மொழி படித்தவர், தட்டு ஏதும் வைக்காமலே பார்த்தவர். இது பஹ்லவி, அந்தக் காலப் பாரசீக எழுத்து என்றார். இதே போன்ற சிலுவைகள் கேரளத்தில் கோட்டயத்திலும் இருக்கின்றன. காலம் 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் என்கிறார்கள். மான்சான்டோக்காரன் கோட்டை கட்டுவதற்கு முன்பே எங்கள் ரோட்டுக் கோடியில் பாரசீகத்தில் கல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பையனிடம் அழுத்திச் சொன்னேன். கவனிக்காதவன் போல் செருப்பு வாரைச் சரிசெய்தான்.

அதில் என்னதான் எழுதியிருக்கிறது? அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள், இந்தத் தடவை தட்டு இல்லாமல். 20ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு வாசிப்பின்படி விஷயம் இதுதான்: ஆண்டவரே, இதைச் செதுக்கிய இன்னார் மகன் இன்னார் மேல் இரக்கம் வையும். அவ்வளவே. நம் பாஷையில் சொன்னால் 'உபயம்'. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்களே, அதேதான். அதை வைத்து ஒரு தல புராணத்தையே ஓட்டிக் காட்டிய அந்த இரண்டு பேருக்கும் இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்க, படி வந்துவிட்டது. கல் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியப் பணக்காரர். போர்ச்சுகீசியன் இருநூறு வருடம் முட்டி தேய ஏறிக்கொண்டிருந்தானே தவிர, வழி போட அவனுக்குத் தோன்றவில்லை. உஸ்கான் பூர்வீகம் பாரசீகம், தொழில் வியாபாரம், வசதி அபாரம். மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைத் தாண்டவேண்டுமே என்று 1726ல் சைதாப்பேட்டையில் ஒரு பாலமும் கட்டினார். 30,000 வராகன் செலவு. இது போதாதென்று பராமரிப்புக்குத் தனியாக 1,500 வராகன் ஒதுக்கினார். பராமரிப்புக்குத் தனியாக! இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் மர்மலாங். மாம்பலம் என்று சொல்லப் பார்த்திருக்கிறான். இப்போது அங்கே மறைமலை அடிகள் பாலம்.

படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதால் சண்டைக் கதைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். 1759 பிப்ரவரியில் இந்த அடிவாரத்தில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதினார்கள். இங்கிலீஷ்காரன் பக்கத்தில் நம் யூசுப் கான், அதாவது மருதநாயகம். 1769ல் ஐதர் அலி குதிரைப்படையோடு இந்தப் பக்கம் வந்து நின்றதும், சென்னைக் கோட்டை இங்கிலீஷ்காரர்கள் வேறு வழியில்லாமல் சமாதானம் எழுதிக்கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் முற்றுகை, படை, பயம் என்று ஐரோப்பிய மலைக் கிராமத்துக்கு வேண்டிய அத்தனையும் இங்கே நடந்திருக்கிறது. கன்று தள்ளியது மட்டும்தான் பாக்கி.

லாம்டன் கதைக்குத்தான் பையன் செல்லைப் பையில் போட்டான். 1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் இந்த மலையடியில் சங்கிலியை விரித்து இந்தியாவையே அளக்க ஆரம்பித்தார். பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் ஏழரை மைல் ஒரு நேர்க்கோடு. அளந்து முடிக்க 57 நாள். சித்திரை வைகாசி வெயிலில்! நூறு அடிச் சங்கிலி வெயிலில் நீளும், நிழலில் சுருங்கும் என்பதால், அதைப் பெட்டிகளில் கிடத்திக் குடைபிடிக்காத குறையாகக் கவனித்தார்கள். அந்தச் சங்கிலி உண்மையில் சீனச் சக்கரவர்த்திக்கு இங்கிலாந்து கொண்டுபோன அன்பளிப்புச் சாமான்களில் ஒன்று. சக்கரவர்த்தி இந்த விளையாட்டுச் சாமானெல்லாம் எனக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட, அது கல்கத்தா சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரத்தை அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிடும் வழக்கத்தை நாம் யாரிடம் கற்றோம் என்று நினைத்தீர்கள்? கோணம் பார்க்க வரவழைத்த தியோடலைட் அரை டன் கனம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திறந்து பார்த்தார்கள், சுடும் சாமான் இல்லை என்று தெரிந்தது, மரியாதையாகக் கடிதம் வைத்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பார்சலை இவ்வளவு ஒழுங்காக எவர் திருப்பித் தருகிறார்?

"இங்க ஆரம்பிச்ச கணக்குலதான்டா அப்புறம் எவரெஸ்ட்டு உசரத்தையே கண்டுபிடிச்சான்" என்றேன். "உலகத்துலயே பெரிய மலைய அளக்கறதுக்கு நம்ம முந்நூறு அடி மலையிலதான் பிள்ளையார் சுழி."

உச்சிக்கு வந்துவிட்டோம். கீழே மீனம்பாக்கம் ஓடுதளம் நாடா போல நீண்டு கிடந்தது. ஒரு விமானம் எங்கள் கண்மட்டத்துக்கு வந்து இறங்கியது. பையன் வடமேற்கே கையைக் காட்டி, "நம்ம வீடு தெரியுமா மாமா?" என்றான். புகை மூட்டத்தில் போரூர் வரைக்குமே தெரியவில்லை. நம் ஊர் தெரிய வேண்டுமென்றால் நம் ஊரில் ஏதாவது உயரமாக இருக்க வேண்டும்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மெழுகுவர்த்தி வாசனை. பீடத்துக்குப் பின்னால் அந்தக் கல். நினைத்ததைவிடச் சின்னது. சுற்றி ஓடும் எழுத்து தூரத்திலிருந்து பார்க்கத் தையல் போட்ட மாதிரி தெரிந்தது.

பக்கத்தில் ஒரு குடும்பம். முக்காடு போட்ட ஒரு பாட்டி, மகள், கையில் பஞ்சுமிட்டாயோடு பேத்தி. என் நரையையும் கண்ணாடியையும் பார்த்து அந்த அம்மா ஏதோ முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

"சார், அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். பாட்டி கைகூப்பியே நின்றாள். அத்தனை படி ஏறி வந்தவளிடம் போய், செதுக்கினவன் பேர் போட்டிருக்கான்மா, உபயம், என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். தோமா கப்பலில் வந்தது, சின்னமலையில் தங்கியது, இங்கே ஏறியது, ராஜா, வேல், இரத்தம் என்று கடகடவென்று வந்துவிட்டது. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேத்தி மட்டும் பஞ்சுமிட்டாயை வாயிலிருந்து எடுத்தாள். "அங்கிள், அதுல ஒரே ஒரு லைன்தானே இருக்கு?"

பின்னால் அக்கா பையன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அது அந்தக் காலத்து எழுத்து கண்ணு" என்றேன். "ஒவ்வொண்ணுக்குள்ளயும் பத்து இருபது வார்த்தை இருக்கும்."